கோதுமைக் கட்டின் சிவப்புப் புள்ளி

அம்ப்ரோஸ் லெவர்டன் ஒரு பப்பின் வாசற்படியை மிதித்து ஐம்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது. ஃபென்பி கிராமத்தில் இது எல்லோருக்கும் தெரியும். கல்யாண விருந்து பப்பில் என்றால் தேவாலய வாசலிலேயே மணமக்களின் கையைக் குலுக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார். நண்பர்களின் இறுதிச் சடங்குகளிலும் அப்படித்தான். குடிப்பது பாவம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒரு சிறிய கோப்பை ஷெரி ஒயின் குடிப்பார். ஆனால் பப்புக்குள் போகமாட்டார். கட்டுப்பாடான மனிதர் என்று ஊர் சொன்னது. அவர் மறுக்கவில்லை.

காரணத்தையும் ஊர் அறியும். அவருடைய அப்பா சைலஸ் லெவர்டன் அந்த ஊரில் 'கோதுமைக் கட்டு' என்ற பப்பைப் பதினெட்டு வருஷம் நடத்தியவர். அந்த இடத்துக்குச் சொந்தக்காரர்களான பீர் ஆலைக்காரர்கள் அதை மூடிவிடத் திட்டமிட்டு, உணவுச் சோதனை அதிகாரியை ஏவிப் பொய் வழக்குப் போட்டார்கள். நேர்மையான மனிதரின் பெயரைக் கெடுத்துக் கடையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அம்ப்ரோஸ் இதை எப்போதும் ஒரே சொற்களில், ஒரே வரிசையில், நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வார். கேட்டவர்கள் யாரும் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை.

அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில், மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்து வைத்த பிறகு, தங்கை மூரியல் தன் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். அவளுக்கு எழுபத்து நான்கு வயது. பக்கத்து ஊரில் தனியாக இருந்தாள். ஞாயிறு தவறாமல் பேருந்தில் வந்துவிடுவாள்.

"அண்ணே, மூக்குக் கண்ணாடியப் போட்டுக்கோ. ஒண்ணு காட்டணும்."

"படம் காட்டற வேலையெல்லாம் வேண்டாம். உன் பேத்தி நாய்க்குட்டிய போன வாரமே பாத்தாச்சு."

"நாய் இல்லை. நம்ம பழைய வீடு, கோதுமைக் கட்டு."

திரையில் லிங்கன்ஷயர் வரைபடம் இருந்தது. அம்மை போட்டதுபோல அதன் மேலெல்லாம் புள்ளிகள். பச்சை என்றால் திறந்திருக்கும் பப். சிவப்பு என்றால் மூடியது. மாவட்டத்தில் இருக்கிற, இருந்த எல்லாப் பப்களையும் ஒன்றுவிடாமல் பதிவு செய்யும் இணையதளம் அது என்றாள் மூரியல். கடற்கரை ஓரம் கொஞ்சம் பச்சை தெரிந்தது. சதுப்பு நிலத்துப் பக்கம் வர வர எல்லாம் சிவப்பு. ஃபென்பியில் மூன்று புள்ளிகள், மூன்றும் சிவப்பு. மூரியல் நடுப்புள்ளியைத் தொட்டாள்.

கோதுமைக் கட்டு, ஃபென்பி. மூடப்பட்டது: மார்ச் 1960. இப்போது குடியிருப்பு. அதன்கீழ் நடத்தியவர்களின் பெயர்கள், 1842 முதல் வரிசையாக. கடைசிப் பெயர் சைலஸ் லெவர்டன். அதற்கும் கீழே குறிப்பு என்ற இடத்தில் ஒரே வரி: "அக்டோபர் 1959இல் தண்ணீர் கலந்த பீர் விற்றதற்காக லெவர்டனுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஆலை குத்தகையைப் புதுப்பிக்கவில்லை."

அம்ப்ரோஸ் அதை இரண்டு முறை படித்தார். காது மடல்கள் சிவந்தன.

"இது யார் எழுதினது?"

"டோர்கஸ் மால்ட்பின்னு ஒரு அம்மா. முன்னாடி பஸ் ஓட்டினவங்களாம். எல்லா ஊருக்கும் நேர்ல போய்ப் பாத்து எழுதறாங்க."

"உலகத்துல எவன் வேணாலும் இதப் படிக்கலாமா?"

"படிக்கறதுக்குத்தானே போட்டிருக்காங்க."

"அழிக்கச் சொல்றேன்," என்றார் அம்ப்ரோஸ்.

மூரியல் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உலர்பழம் போட்ட பிளம் ரொட்டியில் ஒரு துண்டு வெட்டி, அதன்மேல் பாலாடைக்கட்டியை வைத்துத் தின்றாள்.

மறுநாள் அவர் டோர்கஸுக்கு மைப்பேனாவால் கடிதம் எழுதினார். காலஞ்சென்ற தன் தந்தையைப் பற்றிய அவதூறு உடனடியாக நீக்கப்பட வேண்டும் என்றும், லெவர்டன் குடும்பம் இந்த மாவட்டத்தில் இருநூறு வருஷங்களாகத் தலைநிமிர்ந்து வாழ்ந்து வருகிறது என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். நான்கு நாளில் பதில் வந்தது. ஒரு பப்பின் படம் போட்ட அஞ்சலட்டை. "புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு 'ஆட்டுக்கிடா' பப்பில் இருப்பேன். வாங்க, பேசுவோம். எல்லாத் தாளையும் கொண்டுவரேன். டோர்கஸ்."

அம்ப்ரோஸ் அந்த அட்டையை இரண்டு நாள் கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். அப்பாவின் பெயருக்காக ஒரு படி ஏறுவதில் தவறில்லை என்று புதன்கிழமை காலையில் முடிவு செய்தார். தேவாலயத்துக்கு அணியும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பேருந்து ஏறினார்.

கதவைத் தள்ளியதும் அந்த வாடை முகத்தில் வந்து மோதியது. ஊறிய மரம், புளித்த பீர், பித்தளைக்குப் போடும் பாலிஷ். அவருடைய வயதான கால்கள் தாமாகவே கவுன்ட்டரின் உள்பக்கமாகப் போகப் பார்த்தன. அவர் நின்று, தன்னைத் திருத்திக்கொண்டு, ஜன்னல் ஓரத்து மேஜைக்குப் போனார்.

டோர்கஸ் மால்ட்பி கனத்த உடம்புக்காரி. எழுபது வயதிருக்கும். முன்னால் மடிக்கணினியும் நான்கு கோப்புகளும், அரை பைண்ட் கறுப்பு மைல்டும் இருந்தன. மைல்ட் என்பது அந்தப் பக்கத்துப் பழைய பீர், காட்டமில்லாதது; பைண்ட் என்பது ஒரு பெரிய குவளை அளவு.

"வா கண்ணு, உக்காரு. குளிர்ல வந்திருக்கே, என்ன குடிக்கறே?"

லிங்கன்ஷயரில் பேருந்துக்காரியும் காய்கறிக்காரியும் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள். ஆனாலும் எழுபத்தொன்பது வயதில், இந்தக் காரியத்துக்காக வந்த இடத்தில், அம்ப்ரோஸுக்கு அது உறுத்தியது.

"என் பேரு லெவர்டன். குடிக்க வரல."

"சரி, லெவர்டன் கண்ணு. அப்ப நேரா விஷயத்துக்கே வருவோம்." அவள் சிரிக்கவில்லை. "அழிக்கமாட்டேன். அத முதல்லயே சொல்லிடறேன்."

"உங்களுக்கு அதிகாரம் யார் குடுத்தது?"

"யாரும் குடுக்கல. நானே எடுத்துக்கிட்டேன். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன். எந்த நிறுத்தத்துக்கும் பப் பேருதான். 'ரெண்டு அன்னத்துல எறக்கிவிடும்மா'ம்பாங்க. அன்னம் மூடி இருபது வருஷம் ஆகியிருக்கும், அங்க டயர் கடை இருக்கும், அப்பவும் அப்படித்தான் கேப்பாங்க. நான் போயிட்டா அங்க அன்னம் இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்? அதான் எழுத ஆரம்பிச்சேன். ரெண்டாயிரத்துச் சொச்சம் பப் ஆச்சு. ஒரு பப்ல பொண்டாட்டிய வெட்டினவன் இருக்கான். ஒண்ணுல கள்ளச் சரக்கு வித்த பாதிரியார் இருக்காரு. எல்லார் வீட்டுப் பிள்ளைங்களும் எனக்குக் கடுதாசி போடறாங்க. ஒருத்தருக்காக அழிச்சா எல்லாருக்காகவும் அழிக்கணும். அப்பறம் வெறும் பேரும் புள்ளியும்தான் மிஞ்சும்."

"அது பொய் வழக்கு."

"அப்படியா? எனக்கு அந்தக் கதை வேணும். திருத்தம் போடறது என் வழக்கம். ஆனா சொன்னவங்க பேரப் போட்டுத்தான் போடுவேன். பேரில்லாத சொல்லு என் தளத்துல ஏறாது."

அம்ப்ரோஸ் தன் வழக்கமான சொற்களில், வழக்கமான வரிசையில் சொன்னார். ஆலைக்காரர்கள். ஏவிவிடப்பட்ட அதிகாரி. நேர்மையான மனிதர். டோர்கஸ் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். பிறகு கோப்பிலிருந்து ஒரு நகலை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பழைய உள்ளூர்ப் பத்திரிகையின் பத்தி அது. அந்த நாளில் வீட்டுக்கு வந்த அந்தப் பத்திரிகையை அம்ப்ரோஸ் படிக்க மறுத்து அடுப்பில் போட்டிருந்தார்.

"இதப் படிச்சிருக்கியா கண்ணு?"

அவர் படித்தார். வியாழக்கிழமை காலை பத்து முப்பத்தைந்துக்கு, கடை திறந்து ஐந்தே நிமிடத்தில், சாதாரண உடையில் வந்த அதிகாரி ஒரு பைண்ட் மைல்ட் வாங்கியிருக்கிறார். அதை மூன்று புட்டிகளில் பிரித்து முத்திரை வைத்து, முறைப்படி ஒன்றைக் கடையிலேயே விட்டிருக்கிறார். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அதற்குக் கீழே நீதிமன்றத்தில் நடந்தது இருந்தது. அன்று காலை பீர்ப் பீப்பாய்கள் இருக்கும் பாதாள அறையின் பொறுப்பு வேறு யாரிடமாவது இருந்ததா என்று நீதிபதி கேட்டார். லெவர்டன், "இல்லை. என் பெயர்தான் கதவுக்கு மேலே எழுதியிருக்கிறது. பதில் சொல்லவேண்டியவன் நான்தான்," என்றார்.

அம்ப்ரோஸ் தாளைக் கீழே வைத்தார். விளிம்புகளைச் சரிசெய்து மேஜையின் ஓரத்துக்கு இணையாக வைத்தார்.

"என் வீட்டுக்காரரும் பப் நடத்தினவர்தான்," என்றாள் டோர்கஸ், குரலைத் தணித்து. "பீர்ல தண்ணி கலக்கறவன் பீப்பாய்ல கலப்பான். அப்படின்னா அன்னிக்கு ராத்திரி வரைக்கும் எல்லாக் குவளையும் தண்ணியா இருந்திருக்கணும். இங்க பாரு, கீழ எழுதியிருக்கு. அதிகாரி பதினோரு மணிக்கு இன்னொரு பைண்ட் வாங்கியிருக்கார். அது சுத்தம். வியாழக்கிழமை, கடை திறந்ததும் முதல் குவளை. எனக்கு என்ன தோணுதுன்னா, அன்னிக்குப் பீப்பாய்லேர்ந்து பம்புக்கு வர்ற குழாயக் கழுவின நாள்."

அம்ப்ரோஸ் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"கழுவின தண்ணி குழாய்லயே நின்னிருக்கும். கடை திறக்கறதுக்கு முன்னாடி அத வாளில இழுத்துக் கொட்டணும். யாரோ மறந்திருக்காங்க. அவ்வளவுதான். உங்கப்பா மறதிக்காரரா?"

"அவர் வாழ்நாள்ல எதையும் மறந்ததில்ல," என்றார் அம்ப்ரோஸ். அது சட்டென்று, கர்வத்தோடு வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது எந்த இடத்தில் போய் விழுந்திருக்கிறது என்று தெரிந்தது.

டோர்கஸ் அவரைப் பார்த்தாள். "அப்ப அன்னிக்குக் கழுவினது யாரு?"

"ரொம்ப நாளாச்சு. ஞாபகமில்ல."

அவர் எழுந்து கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

ஞாபகம் இல்லாமல் என்ன? அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குழாய் கழுவுவது அவருடைய வேலை. பாதாள அறை கவுன்ட்டருக்கு நேர் கீழே இருந்ததால் குழாய் குட்டை. ஒரு குவளையில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர்தான் அதில் நிற்கும். அதை வாளியில் இழுத்துவிட அரை நிமிடம் போதும். பிறகு அப்பா வந்து முதல் குவளையைத் தானே இழுத்து, நின்றபடியே குடித்துப் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் திறப்பார். ஒருநாளும் தவறாத வழக்கம். அன்றைக்கு மட்டும் அப்பா இல்லை. பண்ணைக்காரர் ஒருவரின் சவப்பெட்டியைச் சுமக்கப் போயிருந்தார். அம்ப்ரோஸுக்கோ பக்கத்து ஊரில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விலைக்கு இருந்தது. பத்தரைக்குள் போகாவிட்டால் வேறொருவனுக்குப் போய்விடும். குழாயில் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு மிதிவண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். அம்மா எதுவும் தெரியாமல் கதவைத் திறந்தாள்.

பதினொன்றரைக்கு அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது அப்பா சவ ஊர்வலக் கோட்டோடு கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முன்னால் முத்திரை வைத்த புட்டி. அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வண்டி நல்லா ஓடுதா?"

அதற்குப் பிறகு எட்டு வருஷம் உயிரோடு இருந்தார். பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையின் முற்றத்தில் மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்த வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆலைக்காரர்களின் சதி என்ற பேச்சை அம்ப்ரோஸ் முதன்முதலாகச் சாப்பாட்டு மேஜையில் சொன்ன அன்று, அப்பா கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து தோட்டத்துக்குப் போனார். அம்ப்ரோஸ் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூரியல் வந்தபோது அவர் அடுப்பே மூட்டவில்லை.

"என்ன அண்ணே, இன்னிக்கு உபவாசமா? நான் பன்றி இறைச்சி அப்பம் கொண்டாந்தது நல்லதாப் போச்சு."

"எதுக்கு எனக்கு அதக் காட்டினே?"

அவள் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவசரப்படவில்லை.

"வாளி," என்றாள்.

"என்ன வாளி?"

"பம்புக்குக் கீழ வைப்போமே, அந்தத் தகர வாளி. எனக்கு அன்னிக்கு ஜலதோஷம், வீட்டுலதான் இருந்தேன். அந்த ஆளு புட்டியெல்லாம் கட்டிக்கிட்டுப் போனப்பறம் அப்பா வந்தாரு. அம்மா அழுதுக்கிட்டிருந்தா. அப்பா ஒண்ணும் கேக்கல. குனிஞ்சு வாளிய எடுத்து உள்ள பாத்தாரு. விரல விட்டுத் தடவினாரு. காஞ்சு கெடந்தது, நீ தண்ணிய இழுத்துக் கொட்டல. அப்பறம் குழாயடிக்குக் கொண்டுபோய் அதுல தண்ணியப் புடிச்சுக் கொட்டிட்டு, ஈரத்தோட திரும்ப அதே எடத்துல வெச்சாரு. நான் படிக்கட்டுல நின்னு பாத்தேன். என்னயும் பாத்தாரு. வாயில விரல வெச்சுக் காட்டினாரு."

அம்ப்ரோஸ் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐம்பத்தேழு வருஷமா உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அப்பா கேட்டுக்கிட்டாரு. செத்துப்போறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில ஒருதரம் நானே கேட்டேன், ஏம்ப்பா இப்படின்னு. 'அவனே ஒருநாள் சொல்லுவான், நாம சொல்லக் கூடாது'ன்னாரு. அப்பா எட்டு வருஷம் காத்திருந்தாரு. நான் இன்னும் காத்திருக்கேன். நீ என்னடான்னா ஆலைக்காரன், அதிகாரின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறே." அவள் தட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தாள். "குடும்ப மானம், குடும்ப மானம்கறியே. குடும்பம்னா யாரு அண்ணே? நீ மட்டுமா?"

வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அவர் கதவைக் காட்டியிருப்பார். மூரியல் அப்பத்தை வெட்டித் தட்டில் வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். அவள் பேருந்துக்குக் கிளம்பியபோது அவர் கூடவே எழுந்தார். வாசல்வரை வந்தார்.

"இதச் சொன்னா, தேவாலயத்துல என் பக்கத்துல யாரும் உக்காரமாட்டாங்க," என்றார்.

"நான் உக்காருவேன். ஆனா நீ பாடறது சகிக்காது, அத முன்னாடியே சொல்லிடறேன்," என்றாள் மூரியல்.

அடுத்த புதன்கிழமை அவர் பன்னிரண்டுக்கு முன்பே ஆட்டுக்கிடாவுக்குப் போனார். கதவு அப்போதுதான் திறந்திருந்தது. டோர்கஸ் இன்னும் வரவில்லை. அவர் கவுன்ட்டருக்கு முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"மைல்ட். அரை பைண்ட்," என்றார்.

பப் நடத்தும் பெண் பம்பின் கைப்பிடியை இழுத்தாள். முதல் இழுப்பை ஒரு பிளாஸ்டிக் வாளியில் விட்டாள். இரண்டாவதையும் விட்டாள். குழாயிலிருந்து வந்தது வெளிறி, பழுப்பாகி, பிறகு கறுத்தது. அதற்கப்புறம்தான் குவளையை எடுத்தாள். அம்ப்ரோஸ் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க, முதல்ல வர்றத யாருக்கும் குடுக்கக்கூடாது," என்றாள் அவள்.

"தெரியும்மா," என்றார்.

டோர்கஸ் வந்தபோது அவர் ஜன்னல் ஓரத்து மேஜையில் இருந்தார், குவளை தொடாமல் முன்னால் இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

"அந்தப் பழைய வரிய அழிக்கவேண்டாம்," என்றார் அம்ப்ரோஸ். "அது நடந்தது. நீதிமன்றத்துல நடந்தத நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. அதுக்குக் கீழ இன்னொரு வரி போடணும்."

"சொல்லு கண்ணு."

அவர் சொன்னார். அவள் தட்டச்சு செய்தாள். வியாழக்கிழமை, குழாய், மோட்டார் சைக்கிள், கவுன்ட்டருக்குப் பின்னால் அம்மா, சவப்பெட்டி சுமக்கப் போயிருந்த அப்பா. ஆலைக்கும் அதிகாரிக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை என்பதையும் சேர்க்கச் சொன்னார். மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதவேண்டுமா என்று டோர்கஸ் கேட்டபோது, எழுதவேண்டும் என்றார். அவள் ஓர் இடத்தில் "கவனக்குறைவால்" என்று தட்டியபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கவனக்குறைவு இல்ல. அவசரம். எனக்குத் தெரிஞ்சேதான் விட்டுட்டுப் போனேன். வந்து இழுத்துக்கலாம்னு நெனச்சேன்."

அவள் அதை அழித்துவிட்டு அவர் சொன்னபடி போட்டாள். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள். எழுத்து சிறியது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"இங்க பேரு வேணும்," என்றாள் டோர்கஸ். "இது கடைசி இடம். இதப் போட்டாத்தான் உள்ள ஏறும். நீ வேண்டாம்னா இப்பவே சொல்லு. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். மூடிவெச்சுட்டு ஒரு இறைச்சி அப்பம் வாங்கிச் சாப்பிடலாம்."

கவுன்ட்டர் பக்கம் இரண்டு பண்ணைக்காரர்கள் உருளைக்கிழங்கு விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் ஃபென்பிக்காரன். அம்ப்ரோஸைப் பார்த்து, நம்பமுடியாமல், இரண்டாம் முறையும் திரும்பிப் பார்த்தான். அம்ப்ரோஸ் அவனுக்குத் தலையசைத்தார்.

"அம்ப்ரோஸ் சைலஸ் லெவர்டன்," என்றார், அந்த மேஜைக்குக் கேட்க வேண்டியதைவிடச் சற்றுச் சத்தமாக. "நடுப் பேர விட்டுடாதீங்க. எங்கப்பா பேரு அது."

டோர்கஸ் தட்டினாள். பிறகு, பழக்கத்தில், அடுத்த கட்டத்துக்குப் போய்ச் சுட்டியை நிறுத்தினாள்.

"தகவல் எப்படிக் கிடைச்சதுன்னு ஒரு கட்டம் இருக்கு. எல்லாரும் பத்திரிகை, பழைய பதிவேடு, அப்படி ஏதாவது சொல்வாங்க. உனக்கு என்ன போட?"

"குழாய் கழுவினவன்னு போடுங்க."

அவள் போட்டாள். ஒரு விசையைத் தட்டினாள். வரைபடம் மீண்டும் வந்தது. ஃபென்பியில் மூன்று புள்ளிகளும் முன்பு இருந்ததுபோலவே சிவப்பாக இருந்தன. அம்ப்ரோஸ் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி, குவளையைக் கையில் எடுத்து, எழுந்து நின்றார். அப்பா குடிப்பதுபோல நின்றபடியே முதல் மடக்கைக் குடித்துப் பார்த்தார்.

"நல்லாருக்கா?" என்றாள் டோர்கஸ்.

"சுத்தமா இருக்கு," என்றார்.